ஆளில்லா வாயில்கள்: அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் ஃபென்டனில் கடத்தலும் சுங்கத் துறையின் ஆள்பற்றாக்குறையும்

பசிபிக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 3,145 கிலோமீட்டர் நீளும் அமெரிக்க–மெக்சிகோ எல்லையைப் பற்றி வாஷிங்டனில் எழும் விவாதங்கள், பெரும்பாலும் மதிலையும் பாலைவனத்தையும் அவற்றைத் தாண்டி வரும் மனிதர்களையும் சுற்றியே நடந்துவருகின்றன. ஆனால் அந்த நாட்டில் ஆண்டுதோறும் பல்லாயிரம் உயிர்களைப் பறித்துவரும் ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளில் பிடிபடும் பெரும்பகுதி, அரசே திறந்து வைத்திருக்கும் அதிகாரபூர்வ நுழைவாயில்களின் வழியாக, முறையான ஆவணங்களோடு வரும் கார்களிலும் லாரிகளிலும் மறைத்து, சுங்க அதிகாரி ஒருவரின் கண்ணெதிரிலேயே கொண்டுவரப்படுவதாகும். அந்த அதிகாரிகள் எத்தனை பேர், எத்தனை மணி நேரமாகத் தொடர்ந்து பணியில் நிற்கிறார்கள், அவர்களுக்கென வாங்கிய கருவிகள் பொருத்தப்பட்டு இயங்குகின்றனவா என்ற கேள்விகளிலேயே இந்தச் சிக்கலின் உயிர்நாடி இருக்கிறது என்றாலும், கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் மிகக் குறைவாகப் பேசியிருப்பதும் இவற்றைப் பற்றித்தான்.

எல்லைக் காவல் என்ற பொதுப்பெயருக்குள் இரண்டு வெவ்வேறு பணிகள் அடங்கியிருக்கின்றன. அமெரிக்கச் சுங்கத் துறை அந்நாட்டின் மிகப் பழைய அரசு அமைப்புகளுள் ஒன்று. 1789 ஜூலை 31 அன்று, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஐந்தாவது சட்டத்தால் உருவான அது, வருமான வரி நிலைபெறும் வரை அரசுக் கருவூலத்துக்கு முதன்மையான வருவாயை ஈட்டித் தந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் நடந்த நிர்வாகச் சீரமைப்பில், சுங்க ஆய்வாளர்களும் குடியேற்ற ஆய்வாளர்களும் வேளாண் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வாளர்களும் எல்லை ரோந்துப் படையும் ஒன்றிணைக்கப்பட்டு, 2003 மார்ச் 1 முதல் சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமை என்ற பெயரில் இயங்கத் தொடங்கினர். பச்சைச் சீருடை அணியும் ரோந்துப் படையினர் நுழைவாயில்களுக்கு இடைப்பட்ட பாலைவனத்தையும் ஆற்றங்கரையையும் காப்பவர்கள். நீலச் சீருடை அணியும் சுங்க அதிகாரிகளோ, நாடு முழுவதும் உள்ள 328 நுழைவாயில்களில், அதாவது நில எல்லைச் சாவடிகளிலும் துறைமுகங்களிலும் பன்னாட்டு விமான நிலையங்களிலும், வரும் ஆட்களையும் சரக்கையும் சோதித்து உள்ளே விடுபவர்கள். கடவுச்சீட்டைச் சரிபார்ப்பதும், தீர்வை வசூலிப்பதும், பூச்சி தாக்கிய பழத்தைத் தடுப்பதும், போலி மருந்தைப் பிடிப்பதும், ஆயுதத்தையும் போதைப்பொருளையும் கண்டுபிடிப்பதும் இவர்களது அன்றாடப் பணிகள்.

இந்த இரு சீருடைகளுக்கும் ஆட்சியாளர்கள் காட்டிய பரிவு ஒரே அளவினதாக இருந்ததில்லை. 2004இல் ஏறக்குறைய 10,800ஆக இருந்த ரோந்துப் படையினரின் எண்ணிக்கை, 2011இல் 21,000ஐத் தாண்டி, ஏழே ஆண்டுகளில் இரட்டிப்பானது. அதே காலத்தில் வணிகமும் பயணமும் பெருகிக்கொண்டே போனபோதும், நீலச் சீருடையினரின் எண்ணிக்கை அந்த வேகத்தில் உயரவில்லை. 2014ஆம் நிதியாண்டில் நாடாளுமன்றம் கூடுதலாக 2,000 சுங்க அதிகாரிகளுக்கு நிதி ஒதுக்கியது உண்மையில் பெரிய முடிவுதான் என்றாலும், அந்த இடங்களை நிரப்புவதற்கே ஆண்டுகள் பல ஆயின. இன்று சுமார் 25,000 பேர் கொண்ட இந்த அணிதான் நியூயார்க் விமான நிலையம் முதல் டெக்சாஸ் ஆற்றுப்பாலம் வரை எல்லா வாயில்களையும் காக்கிறது. எத்தனை வாகனங்கள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, விடுப்புக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு போகிறது என்பவற்றைக் கணக்கிட்டு, தேவையான ஆள்பலத்தைச் சொல்லும் ‘பணிச்சுமைக் கணக்கீட்டு முறை’ ஒன்றை முகமை தானே உருவாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கே ஆயிரக்கணக்கான அதிகாரிகள் குறைவு என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. சுங்க அதிகாரிகளைப் பிரதிநிதித்துவப்படுத்தும் தேசியக் கருவூல ஊழியர் சங்கமும் நாடாளுமன்றக் குழுக்களின் முன் இதையே பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறது.

சிறு பொட்டலம், பெரும் அழிவு

நுழைவாயில்கள் ஏன் கடத்தல்காரர்களுக்கு உகந்தவையாக இருக்கின்றன என்பதை, கடத்தப்படும் பொருளின் இயல்பிலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். ஃபென்டனில், அறுவைச் சிகிச்சையிலும் புற்றுநோய் வலியிலும் பயன்படும் ஒரு மருந்து. ஹெராயினைப் போல் ஏறத்தாழ 50 மடங்கும் மார்ஃபினைப் போல் 100 மடங்கும் வீரியம் கொண்டது. அதில் 2 மில்லிகிராம், அதாவது பென்சில் முனையில் ஒட்டக்கூடிய அளவு, ஒருவரைக் கொல்லப் போதுமானதாகலாம் என்று அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க முகமை சொல்கிறது. செயற்கை அபினி வகைகளின் கடத்தலை ஆராய அமைக்கப்பட்ட அரசு ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்காவின் ஓராண்டுச் சட்டவிரோத அபினி வகை நுகர்வு முழுவதையும் ஈடுகட்ட, கலப்படமற்ற ஃபென்டனில் 3 முதல் 5 மெட்ரிக் டன் இருந்தாலே போதும் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் கோடிக்கணக்கான கார்களும் வடக்கு நோக்கிக் கடக்கும் ஓர் எல்லையில், ஒரே ஒரு லாரியின் கொள்ளளவுக்குள் அடங்கிவிடக்கூடிய சரக்கைத் தேடிப் பிடிப்பதே சுங்க அதிகாரிக்கு விதிக்கப்பட்ட பணி.

முதலில் இந்தப் பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்து அஞ்சல் வழியாகவே வந்துகொண்டிருந்தது. 2018இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, வெளிநாட்டு அஞ்சல் பொதிகளைப் பற்றிய விவரங்களை முன்கூட்டியே மின்னணு முறையில் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியதும், 2019 மே 1 முதல் சீனா ஃபென்டனில் வகை மருந்துகள் அனைத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்ததும், அந்த வழியை நெருக்கின. அதன்பின் மூலவேதிப்பொருள்கள் மெக்சிகோவுக்குச் செல்ல, சினலோவா, ஹாலிஸ்கோ ஆகிய கடத்தல் கும்பல்களின் ஆய்வகங்களில் அவை ஃபென்டனிலாகவும் போலி மாத்திரைகளாகவும் மாறி, நில எல்லை வழியாக வடக்கே வரத் தொடங்கின. சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்பு முகமை பிடித்த ஃபென்டனிலின் எடை, 2022ஆம் நிதியாண்டில் சுமார் 6,700 கிலோவாக இருந்து, 2023இல் 12,000 கிலோவைத் தாண்டியது. 2024இல் சுமார் 9,900 கிலோவுக்கு இறங்கியது. இந்த எடை மேற்சொன்ன 5 டன்னைவிட மிகுதியாக இருப்பதில் முரண் ஏதுமில்லை. பிடிபடுபவை மாவுப்பொருள்களோடு கலந்த தூளும் மாத்திரையும் என்பதால், அவற்றில் மருந்தின் பங்கு சிறு பகுதி மட்டுமே. கனடா எல்லையில் 2024ஆம் நிதியாண்டு முழுவதும் பிடிபட்டது 20 கிலோவுக்கும் குறைவு என்பதால், தெற்கு எல்லையே களம் என்பதில் ஐயமில்லை.

பிடிபட்டதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, நுழைவாயில்களிலும் அவற்றை அடுத்துள்ள நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் கிடைத்தது. தேடும் இடத்தில்தானே கிடைக்கும், தேடாத பாலைவனத்தில் எவ்வளவு போகிறதோ என்று ஒரு மறுப்பு எழுப்பப்படுவது உண்டு. அது புறந்தள்ளக் கூடியதன்று. ஆயினும் வேறு இரண்டு சான்றுகள் நுழைவாயிலையே சுட்டுகின்றன. ரோந்துப் படை பாலைவனத்தில் லட்சக்கணக்கானோரைப் பிடித்தும் அவர்களிடம் ஃபென்டனில் கிடைப்பது மிக அரிது. மேலும், ஃபென்டனில் கடத்தியதற்காகக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் அமெரிக்கக் குடிமக்களே என்று அந்நாட்டுத் தண்டனை ஆணையத்தின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. சொந்த நாட்டுக்குள் சட்டப்படி நுழையும் உரிமையுள்ள ஒருவர் காரோட்டி வரும்போது ஐயம் எழும் வாய்ப்பு குறைவு என்பதால், கும்பல்கள் அத்தகையவர்களையே குருவிகளாகத் தேர்ந்தெடுக்கின்றன. தன் காரில் பொட்டலம் இருப்பதே தெரியாமல் எல்லை தாண்டியவர்களும் உண்டு; விரைவுப் பாதையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோரின் வாகனங்களைக் கண்காணித்து, இரவில் அவற்றின் அடிப்பகுதியில் காந்தத்தால் போதைப்பொருளை ஒட்டிவைத்து, மறுகரையில் எடுத்துக்கொண்ட நிகழ்வுகள் எல் பாசோ பகுதியில் 2011இலேயே வெளிப்பட்டன.

ஒரு நிமிடத் தீர்ப்பு

சான் டியேகோவுக்குத் தெற்கே, தீஹுவானாவை ஒட்டியுள்ள சான் இசிட்ரோ, மேற்கு அரைக்கோளத்திலேயே மிக நெரிசலான நில நுழைவாயில். 74 கோடி டாலர் செலவில் 2019இல் முடிந்த விரிவாக்கத்துக்குப் பின் அங்கே வடக்கு நோக்கி 34 வாகனப் பாதைகள் இருக்கின்றன. வாகனங்களில் சுமார் 70,000 பேரும் கால்நடையாகச் சுமார் 20,000 பேரும் நாள்தோறும் அவ்வழியே வடக்கே வருகிறார்கள். ஒவ்வொரு பாதையின் முனையிலும் உள்ள சிறு கூண்டில் ஓர் அதிகாரி நிற்கிறார். வண்டியின் எண்பலகையைக் கேமரா படித்து, அதன் பயண வரலாற்றை அவரது திரையில் காட்டுகிறது. அவர் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, எங்கே போய் வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள் என்று ஓரிரு கேள்விகள் கேட்கிறார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள், வண்டியை உள்ளே விடுவதா, இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்துவிட வேண்டும். இந்தச் சுருக்கமான உரையாடலில் அவர் கவனிப்பது சொற்களை மட்டுமல்ல. இறுகப் பிடித்த ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போன விரல்கள், கேட்காத கேள்விக்கும் தயாராக வந்து விழும் பதில், வண்டியின் வயதுக்குப் பொருந்தாத புதிய திருகாணி, பின்புறம் தாழ்ந்து நிற்கும் சக்கரம் ஆகியவற்றை ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண் கண்டுகொள்கிறது.

வரிசையில் நிற்கும் வண்டிகளுக்கிடையே மோப்ப நாயுடன் ஒருவர் நடந்துவருவதும் உண்டு. சுங்கத் துறையில் மோப்ப நாய்ப் பிரிவு 1970இல் தொடங்கப்பட்டது. நாய்க்கு மட்டுமல்லாமல் அதைக் கையாளுபவருக்கும் தனிப்பயிற்சி வேண்டும் என்பதால், ஓர் அதிகாரியை அந்தப் பணிக்கு விடுவது என்பது ஒரு கூண்டு குறைவதற்குச் சமம். இரண்டாம் கட்டச் சோதனையில், கதவுத் தகட்டின் பின்னோ டயருக்குள்ளோ எதுவும் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அடர்த்தி அளக்கும் கைக்கருவியால் பார்க்கிறார்கள். பெட்ரோல் தொட்டிக்குள் நுண்ணிழைக் கேமராவை இறக்குகிறார்கள். தேவையானால் இருக்கையையும் பலகையையும் கழற்றுகிறார்கள். 2019 ஜனவரி 26 அன்று அரிசோனாவின் நோகாலிஸ் நுழைவாயிலில் வெள்ளரிக்காய் ஏற்றிவந்த லாரி ஒன்று இவ்வாறே இரண்டாம் கட்டச் சோதனைக்கு அனுப்பப்பட்டு, பெட்டியின் அடித்தளத்தில் இருந்த மறைவறையிலிருந்து 115 கிலோ ஃபென்டனில் எடுக்கப்பட்டது. அதுவரை ஒரே இடத்தில் பிடிபட்டதில் அதுவே பெரியது. மெக்சிகோவின் குளிர்காலக் காய்கறிகள் அழுகிவிடாமல் அமெரிக்கச் சந்தைகளைச் சென்றடைய வேண்டிய அவசரத்துக்கும், ஒரு லாரியை நிறுத்தி அடித்தளத்தை அறுத்துப் பார்க்கும் துணிவுக்கும் இடையேதான் சுங்க அதிகாரியின் அன்றாட வாழ்க்கை நடக்கிறது.

கடத்தல் கும்பல்களும் அவரைக் கண்காணித்துக்கொண்டிருக்கின்றன. எந்தப் பாதையில் வண்டிகள் எளிதாக நகர்கின்றன, எந்த அதிகாரி களைத்திருக்கிறார், நாய் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெற்குப் புறத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஆட்களை நிறுத்திவைப்பது அவற்றின் வழக்கம். ஆகையால், பதினாறு மணி நேர இரட்டைப் பணிமுறையில் நிற்கும் ஓர் அதிகாரியின் சோர்வு அவருடைய உடல்நலத்தைப் பற்றிய செய்தியோடு நின்றுவிடுவதில்லை. அது கடத்தல்காரரின் கையில் போய்ச் சேரும் உளவுச் செய்தியும் ஆகிறது.

லூக்வில் கற்பித்தது

ஆள்பற்றாக்குறைக்கும் கடத்தலுக்கும் உள்ள உறவை, அரிசோனாவின் லூக்வில் என்ற சிற்றூரின் நுழைவாயிலைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை. மெக்சிகோவின் சொனோய்த்தாவுக்கு எதிரே, கள்ளிக்காட்டின் நடுவே அமைந்திருக்கும் இந்தச் சாவடி, அரிசோனாவிலிருந்து புவேர்த்தோ பெனாஸ்கோ கடற்கரைக்குச் செல்லும் நேர்வழி. 2023 டிசம்பரில் ரோந்துப் படை தெற்கு எல்லையில் ஒரே மாதத்தில் அனுமதியின்றி எல்லை தாண்டிய ஏறக்குறைய 2,50,000 பேரை எதிர்கொண்டபோது, அவர்களைப் பதிவுசெய்யவும் காவலில் வைக்கவும் ஆள் போதாமல், சுங்க அதிகாரிகள் தங்கள் சாவடிகளிலிருந்து எடுக்கப்பட்டு மாற்றுப்பணியில் அனுப்பப்பட்டனர். லூக்வில் டிசம்பர் 4 அன்று முழுவதுமாக மூடப்பட்டது. டெக்சாஸின் ஈகிள் பாஸில் ஒரு பாலத்தில் வாகனச் சோதனை நிறுத்தப்பட்டது. சான் இசிட்ரோவில் நடந்து வருவோருக்கான மேற்கு வாயில் அடைக்கப்பட்டது. ஈகிள் பாஸிலும் எல் பாசோவிலும் சரக்கு ரயில் கடவைகள் சில நாள்கள் நின்றன. லூக்வில் மீண்டும் திறக்க 2024 ஜனவரி 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை கடற்கரைக்குச் செல்வோர் பல மணி நேரம் சுற்றி நோகாலிஸ் வழியாகவோ சான் லூயிஸ் வழியாகவோ போக நேர்ந்ததால், வழியிலுள்ள சிற்றூர்களின் கடைகளும் விடுதிகளும் வருவாய் இழந்தன.

அதே லூக்வில் சாவடியில், 2024 ஜூலை 1 அன்று, ஒரு பிக்-அப் வண்டி இழுத்துவந்த டிரெய்லர் மோப்ப நாயின் கவனத்துக்கு வந்தது. அதன் இரும்புச் சட்டத்துக்குள் 234 பொட்டலங்களில் சுமார் 40 லட்சம் ஃபென்டனில் மாத்திரைகள், ஏறக்குறைய அரை டன் எடையில், இருந்தன. ஓட்டிவந்தவர் 20 வயது அமெரிக்கக் குடிமகன். அந்த முகமையின் வரலாற்றிலேயே மிகப்பெரிய ஃபென்டனில் பறிமுதல் அதுவே. பெரிய நகரத்தின் முப்பது பாதைகளைத் தவிர்த்து, கும்பல் இந்தச் சிற்றூர்ச் சாவடியைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே அன்று பணியில் ஆளும் நாயும் இருந்ததாலேயே அது பிடிபட்டதும் ஆழ்ந்து கருதத்தக்கவை. எந்தச் சாவடியில் ஆள் குறைவு என்று வாஷிங்டனின் நிதிக்குழுக்களுக்குத் தெரிவதற்கு முன்பே கடத்தல்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இது புதிதாக நேர்ந்த தவறும் அன்று. 2019 வசந்தத்தில், இதே காரணத்தைச் சொல்லி 750 சுங்க அதிகாரிகள் நுழைவாயில்களிலிருந்து ரோந்துப் படைக்கு உதவியாக அனுப்பப்பட்டபோது, எல் பாசோவிலும் பிற இடங்களிலும் பாதைகள் மூடப்பட்டு, லாரிகள் பல மணி நேரம் வரிசையில் நின்றன. தஞ்சம் கோரிவரும் குடும்பங்களைப் பதிவு செய்வது மனிதாபிமானமுள்ள, தவிர்க்க முடியாத பணி. ஆனால் அந்தப் பணிக்கு வேறு பணியாளர்களை நியமிக்காமல், போதைப்பொருளைப் பிடிக்கப் பயிற்சி பெற்றவரை அதற்கு அனுப்புவது, ஒரு நெருக்கடியைத் தணிக்க இன்னொன்றை வளர்ப்பதாகும்.

நிரம்பாத இடங்கள்

நிதி ஒதுக்கியும் இடங்கள் நிரம்பாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. கும்பல்களிடம் கையூட்டு வாங்கிய அதிகாரிகள் சிலர் பிடிபட்டதைத் தொடர்ந்து 2010இல் நிறைவேறிய ஊழல் தடுப்புச் சட்டம், முகமையின் சட்ட அமலாக்கப் பணிக்கு வரும் ஒவ்வொருவரும் உண்மையறியும் கருவிச் சோதனையில், அதாவது பாலிகிராஃப் சோதனையில், தேற வேண்டும் என்றது. பின்வந்த ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சோதனையிலேயே விழுந்தனர். வேறு காவல் துறைகளில் இவ்வளவு பேர் தோற்பதில்லை. கருவியின் அளவீடு கடுமையானதா, சோதிக்கும் முறை பிழையா என்று விவாதம் நடந்தாலும், சோதனையே வேண்டாம் என்று சொல்ல இயலாது. ஒரு கூண்டில் நிற்கும் ஒரே ஓர் அதிகாரி விலைபோனால், ஒரு பாதை முழுவதும் கும்பலுக்குச் சொந்தமாகிவிடும் என்பதைச் சான் டியேகோ நீதிமன்றங்களின் வழக்குகள் காட்டியிருக்கின்றன. எந்த அதிகாரி எந்தப் பாதையில் நிற்பார் என்பதை மாற்றிக்கொண்டே இருப்பது இதற்கொரு தற்காப்பு; ஆனால் மாற்றுவதற்கே போதிய ஆள் இல்லாத சாவடியில் அந்தத் தற்காப்பும் வலுவிழக்கிறது.

ஆள்சேர்ப்பை விரைவுபடுத்த 2017 நவம்பரில் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 29.7 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. சுமார் ஓராண்டு கழித்து, 1.36 கோடி டாலர் கொடுத்த பிறகு, அந்நிறுவனத்தின் வழியாகப் பணியை ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டே பேர் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை கூறியது. ஒப்பந்தம் பின்னர் முடித்துக்கொள்ளப்பட்டது. தேர்வானவர் ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோவில் உள்ள கூட்டாட்சிப் பயிற்சி மையத்தில் பல மாதங்கள் பயின்று, பிறகு சாவடியில் மூத்தவரின் அருகில் நின்று பழக வேண்டும். அமர்த்திய மறுநாளே கூண்டில் நிறுத்தக்கூடிய பணி அன்று இது. தொலைவான, வெப்பம் மிகுந்த, பள்ளியும் மருத்துவமனையும் அரிதான எல்லை ஊர்களில் குடும்பத்தோடு தங்க இளைஞர்கள் தயங்குவதால், பெருநகர விமான நிலையங்களிலிருந்து அதிகாரிகளை மாதக்கணக்கில் மாற்றுப்பணியில் அனுப்பி ஓட்டை அடைக்கும் வழக்கமும் நிலைத்துவிட்டது.

கிடங்கில் நின்ற கருவிகள்

ஆளுக்குப் பதில் கருவி என்ற எண்ணம் நாடாளுமன்றத்துக்கு எப்போதும் கவர்ச்சியானது. 2018 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், ஃபென்டனில் போன்றவற்றைத் தொடாமலே கண்டறியும் வேதிச் சோதனைக் கைக்கருவிகளுக்காக 90 லட்சம் டாலருக்கு அனுமதி தந்தது. இத்தகைய பொருளைக் கையாளும் அதிகாரியின் பாதுகாப்பைக் கருதினால் அது நற்செயல். அதைவிடப் பெரிய முயற்சி, வண்டியைப் பிரிக்காமல் அதன் உட்புறத்தைக் காட்டும் எக்ஸ்ரே வாயில்கள். ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பகுதிக்குக் குறைந்த ஆற்றல் கதிரும் சரக்குப் பகுதிக்கு மிகுந்த ஆற்றல் கதிரும் பாயும் இந்த வாயில்களினூடே, வண்டி நில்லாமல் மெதுவாகக் கடந்துசெல்லலாம். அதுவரை பயணிகள் வாகனங்களில் 2 விழுக்காட்டையும் சரக்கு லாரிகளில் ஆறில் ஒன்றையும் மட்டுமே இவ்வாறு பார்த்துவந்த நிலையை மாற்றி, அவற்றை முறையே 40, 70 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. 2019இல் இதற்காக நாடாளுமன்றம் 57 கோடி டாலர் அளவில் ஒதுக்கியது.

வாங்கிய கருவிகளில் பல, பொருத்துவதற்கான பணம் ஒதுக்கப்படாததால், கிடங்கிலேயே நின்றுகொண்டிருக்கின்றன என்று முகமையின் அப்போதைய தற்காலிகத் தலைவர் டிராய் மில்லர் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே கூறினார். தேவைப்பட்டது சுமார் 30 கோடி டாலர். கருவியை நிறுவ அடித்தளமும் மின்னிணைப்பும் பாதை மாற்றமும் வேண்டும் என்பது வாங்கும்போதே தெரிந்த செய்தி. பேரழிவின் உச்சத்தில் நடந்த இந்தத் தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை. அதோடு, எக்ஸ்ரே படம் தானாகப் பேசாது. வெள்ளரிக்காய்ப் பெட்டிகளுக்குள் ஒரு கறுத்த சதுரத்தைக் கண்டு, அது மரச்சட்டமா மறைவறையா என்று சொல்லப் பயின்ற கண் வேண்டும். சந்தேகம் எழுந்த ஒவ்வொரு வண்டியையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். படங்களைத் தொலைவில் உள்ள மையங்களில் வைத்துப் படிப்பதும், மென்பொருளைக் கொண்டு முரண்களை முதலில் சலித்தெடுப்பதும் உதவலாம். எனினும், சோதிக்கப்படும் பயணிகள் வாகனங்கள் இருபது மடங்கு பெருகும்போது இரண்டாம் கட்டச் சோதனையின் வேலையும் பெருகவே செய்யும்.

எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது என்ற மறு எல்லைக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 1969 செப்டம்பர் 21 அன்று அதிபர் நிக்சனின் அரசு ‘ஆபரேஷன் இன்டர்செப்ட்’ என்ற பெயரில், மெக்சிகோவிலிருந்து வரும் ஒவ்வொரு வாகனத்தையும் ஆளையும் முழுமையாகச் சோதிக்க உத்தரவிட்டது. வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. இரு நாட்டு எல்லை நகரங்களின் வணிகம் முடங்கியது. மெக்சிகோ கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. மூன்று வாரங்களில் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டு, ‘ஒத்துழைப்பு’ என்று பெயர் மாற்றம் பெற்றது. 2022 ஏப்ரலில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட், கூட்டாட்சி அதிகாரிகள் சோதித்து அனுப்பிய லாரிகளை மாநிலக் காவலர்கள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோதும் இதே காட்சி திரும்பியது. பல கோடி டாலர் பெறுமானமுள்ள காய்கறிகள் தேங்கி அழுகினவே தவிர, அந்த மறுசோதனையில் போதைப்பொருள் எதுவும் சிக்கவில்லை. தகவலும் பயிற்சியும் இல்லாத மிகுசோதனை எவரையும் காப்பதில்லை. மாறாக, கூண்டுகளில் போதிய ஆளை நிறுத்தினால் பாதுகாப்பும் வணிகமும் சேர்ந்தே பயனடையும்: 33 நுழைவாயில்களில் வாயிலுக்கு ஒருவராக 33 அதிகாரிகளைக் கூட்டினால், ஆண்டுக்கு 6.58 கோடி டாலர் அளவுக்கு உள்நாட்டு உற்பத்தியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளும் பெருகும் என்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2013இல் கணக்கிட்டது.

சுங்க அதிகாரியால் போதைப் பழக்கத்தை ஒழிக்க முடியாது. 2023இல் அமெரிக்காவில் அளவுமீறிய போதைப்பொருளால் 1,05,000 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 73,000 பேரின் மரணத்தில் ஃபென்டனில் உள்ளிட்ட செயற்கை அபினி வகைகள் இருந்தன. 2024இல் மொத்த இறப்பு சுமார் 80,000ஆகக் குறைந்ததற்கு, மூச்சு நின்றவரை மீட்கும் நலோக்சோன் மருந்து 2023 முதல் மருந்துச்சீட்டின்றிக் கிடைத்ததும், சிகிச்சை வசதி விரிந்ததும், சந்தையில் கிடைக்கும் மாத்திரைகளின் வீரியம் குறைந்ததும் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. போதைப்பொருள் அமலாக்க முகமையின் ஆய்வகச் சோதனையில் உயிர்க்கொல்லி அளவு கொண்ட போலி மாத்திரைகளின் பங்கு 2023இல் பத்துக்கு ஏழாக இருந்து, மறு ஆண்டு பத்துக்கு ஐந்தானது. இந்த இறக்கத்தில் எல்லைப் பறிமுதலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றாலும், பிடிபட்ட ஒவ்வொரு பொட்டலமும் சிகிச்சைக்கு அவகாசம் தருகிறது என்பதை எவரும் மறுப்பதில்லை.

2025 ஜூலை 4 அன்று சட்டமான பெரும் நிதி மசோதா, எல்லை மதிலுக்கு 4,650 கோடி டாலரையும், முகமையின் புதிய ஆள்சேர்ப்புக்கு 410 கோடி டாலரையும் ஒதுக்கியிருக்கிறது. இரண்டாவது தொகையைக் கொண்டு 5,000 சுங்க அதிகாரிகளை அமர்த்துவது அரசின் திட்டம். இது பல ஆண்டுகளில் கிடைத்த சிறந்த வாய்ப்பு. அதே நேரத்தில் பணிச்சுமையும் ஏறுகிறது: 800 டாலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிவுக்கு வந்ததால், முன்பு ஆண்டுக்கு 130 கோடிக்கும் மேல் எளிய முறையில் விடுவிக்கப்பட்டுவந்த பொதிகள் இப்போது முறையான தீர்வைக் கணக்குக்குள் வருகின்றன. இன்னொரு பக்கம், 2008 ஜூலையில் சுங்க அதிகாரிகளுக்குச் சட்ட அமலாக்கப் பணியாளருக்குரிய சிறப்பு ஓய்வூதிய உரிமை வழங்கப்பட்டபோது பணியில் இருந்த ஒரு தலைமுறை, இருபது ஆண்டுப் பணியை நிறைவுசெய்து, 2028இல் ஒரே சமயத்தில் ஓய்வுபெறத் தகுதியடைகிறது. வெளுத்த விரலையும் புதிய திருகாணியையும் கண்டுகொள்ளத் தெரிந்தவர்கள் இவர்களே. புதியவர்களுக்கு அதைக் கற்பிக்க வேண்டியவர்களும் இவர்களே. மாதக்கணக்கில் நீளும் ஆள்சேர்ப்பும், பின்னும் பல மாதப் பயிற்சியும் தேவைப்படும் ஒரு பணியில், அந்த ஆண்டுக்கு முன் 5,000 பேரையும் அமர்த்தி மூத்தவர்களின் அருகில் நிறுத்துவதே அமெரிக்க அரசு இப்போது முதலில் செய்ய வேண்டிய வேலை. அதுவரை எந்த நெருக்கடியின் பெயராலும் ஒரு சுங்க அதிகாரியைக்கூடச் சாவடியிலிருந்து எடுக்கக் கூடாது.